எல்லையோரத்தில் இருந்துகொண்டு விழாப் படம் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிழக்கு ஓரத்தில் இருந்துகொண்டு, மளிகைக்குப் பொள்ளாச்சிக்கும் ரேஷன் கார்டுக்குச் சித்தூருக்கும் போகிற தமிழர்களுக்காக எழுதியது இது. திரைப்பட விழாக்களில் தேர்வான சுயாதீனப் படங்களை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை இங்கே இருக்கின்றன. கேட்டவர்கள் பேசிய மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

ஓடிடியில ஆயிரம் படம் கிடக்குதுங்க. விழாப் படம்னு தனியா எதுக்கு?

ஓடிடியில் இருப்பது யாரோ ஒரு நிறுவனம் விலை பேசி வாங்கிய படம். விழாவுக்கு வருவதில் பெரும்பாலானவற்றை இன்னும் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். சிலவற்றைக் கடைசிவரை யாரும் வாங்குவதில்லை. பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வாங்கியது. சோனி லிவ்வில் அது வந்தது 2023 அக்டோபர் கடைசியில். விருது வாங்கிய படத்துக்கே இரண்டரை வருடத்துக்கு மேல் காத்திருப்பு என்றால், விருது வாங்காததன் கதையை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். அதே டைகர் விருதை 2017இல் வாங்கியது சனல்குமார் சசிதரனின் மலையாளப் படம். நம் இரண்டு பேச்சுக்கும் ஆளுக்கொன்று கிடைத்திருக்கிறது.

இன்னொரு உதாரணம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ கோயம்புத்தூரில் எடுத்த படம். எழுத்தாளர் திலீப்குமாரின் சிறுகதையிலிருந்து வந்தது. 2020இல் ராட்டர்டாமில் ஆசியப் படத்துக்கான நெட்பேக் விருது வாங்கியது. அந்த வருடம் தொற்று வந்து திரையரங்குகள் எல்லாம் மூடிக் கிடந்தபோது, உலகின் 21 விழாக்கள் சேர்ந்து ‘வீ ஆர் ஒன்’ என்று மே 29 முதல் ஜூன் 7 வரை யூடியூபில் இலவச விழா நடத்தின. அதில் ‘நசீர்’ படமும் இருந்தது. வேலந்தாவளத்தில் பஸ் ஏறினால் போய்ச் சேருகிற ஊரின் கதை நெதர்லாந்துக்குப் போய்விட்டுத்தான் நம் கைப்பேசிக்குத் திரும்பி வந்தது.

வீட்டிலிருந்து பார்க்கிறதுன்னா எப்படி? எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாமா?

முடியாது. பலர் ஏமாறுவதும் இங்கேதான். விழாச் சீட்டு கல்யாணப் பத்திரிகை மாதிரி: நாள், நேரம், இடம் எல்லாம் அதில் எழுதியிருக்கும், தவறவிட்டால் அடுத்த வாரம் போய் நிற்க முடியாது.

வழக்கமான ஏற்பாடு இப்படி. படம் சில நாள் மட்டும் தளத்தில் இருக்கும். அந்த நாட்களுக்குள் நீங்கள் பிளே பட்டனை அழுத்த வேண்டும். அழுத்திய நொடியிலிருந்து 24 அல்லது 48 மணி நேரம் உங்கள் கணக்கில் ஓடும், அப்புறம் பூட்டிக்கொள்ளும். எத்தனை பேர் பார்க்கலாம் என்பதற்கும் பல விழாக்கள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. இணையத்துக்கு என்ன சீட்டுக் கணக்கு என்று எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் தயாரிப்பாளர் பக்கத்திலிருந்து பாருங்கள். படத்தை நாடு நாடாக விற்கப் போகிறார். ஒரு நாட்டில் பாதிப்பேர் முன்கூட்டியே பார்த்துவிட்டால் அந்த நாட்டு விநியோகஸ்தர் விலையைக் குறைப்பார். வரம்பு வைத்தால்தான் படத்தைக் கொடுப்போம் என்று அவர்கள் சொல்ல, விழாக்காரர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

நம்மூர்ல உக்காந்துட்டு எந்த விழாவைப் பார்க்க முடியும்?

முதலில் முடியாததைச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் கான் விழா தன் படங்களை வீட்டுக்கு அனுப்புவதில்லை. அமெரிக்காவின் சன்டான்ஸ் விழா 2021 முதல் இணையத்திலும் நடக்கிறது, ஆனால் அந்தச் சீட்டு அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்கு. ஆர்ட்டே தொலைக்காட்சியின் இலவச விழாவான ஆர்ட்டேகினோ ஐரோப்பாவுக்கு. பெரிய பெயரைப் பார்த்துத் துள்ளிக் குதிக்காமல், எந்த நாட்டுக்குத் திறந்திருக்கிறது என்ற வரியை முதலில் தேடிப் படியுங்கள்.

முடிகிறவை: பிரெஞ்சுத் திரைப்படங்களை வெளிநாடுகளில் பரப்பும் யூனிபிரான்ஸ் அமைப்பு 2011இல் தொடங்கிய ‘மை பிரெஞ்ச் பிலிம் பெஸ்டிவல்’ முழுக்க இணையத்துக்கென்றே பிறந்தது. ஜனவரி–பிப்ரவரியில் வரும். குறும்படங்களுக்குப் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. ஜப்பான் பவுண்டேஷன் நடத்தும் ஜப்பானியத் திரைப்பட விழாவும் இணையத்தில் இலவசமாக வந்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் அதை இந்தியா உட்பட 25 நாடுகளுக்குத் திறந்துவிட்டார்கள். பதிவு செய்தால் போதும்.

ஆவணப்படம் பிடிக்கும் என்றால் இரண்டு இடங்கள். ஏழு ஐரோப்பிய ஆவணப்பட விழாக்கள் சேர்ந்து நடத்தும் டாஃபிலிம்ஸ் ஒன்று. 1988இல் தொடங்கிய ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவான இட்ஃபாவின் இணையதளம் இன்னொன்று. பழைய விழாப் படங்கள் வருடம் முழுக்க அங்கே கிடக்கும், சிலது இலவசம்.

இந்தியாவில் தர்மசாலா விழா இருக்கிறது. ரிது சரினும் டென்சிங் சோனமும் 2012இல் தொடங்கியது. 2020இல் முழுக்க இணையத்திலேயே நடத்தினார்கள். கோவாவில் நடக்கும் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவான இஃப்ஃபி 2021 ஜனவரியில் பாதி நேரடி, பாதி இணையம் என்று நடந்தது. தொற்றுக் காலத்தில் வீட்டுக்கு வந்த விழாக்கள் பல, அது முடிந்ததும் திரையரங்குக்கே திரும்பிவிட்டன. அதனால் போன வருடம் வந்ததை வைத்து இந்த வருடமும் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள்.

ஐஎஃப்எஃப்கே வீட்டிலிருந்து கிடைக்குமா?

ஐஎஃப்எஃப்கே என்பது கேரள சர்வதேசத் திரைப்பட விழா. அதற்குத் திருவனந்தபுரம் போகத்தான் வேண்டும். 1996இல் தொடங்கியது, இப்போது கேரள மாநில சலச்சித்திர அகாடமி டிசம்பரில் நடத்துகிறது. டெலிகேட் பாஸ் எடுத்து, வரிசையில் நின்று, முன்னால் நிற்கிறவரோடு போன படத்தைப் பற்றிச் சண்டை போட்டுப் பார்க்கிற விழா அது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பாதி விழா போய்விடும் என்பது என் எண்ணம். ஒரே ஒரு தடவை விழாவே நம்மைத் தேடி வந்தது. 2021இல் தொற்று காரணமாக இருபத்தைந்தாவது விழாவைத் திருவனந்தபுரம், கொச்சி, தலச்சேரி, பாலக்காடு என்று நான்காகப் பிரித்தார்கள். மார்ச் 1 முதல் 5 வரை பாலக்காட்டில் நடந்தது. கொழிஞ்சாம்பாறையில் காலை பஸ் பிடித்தால் முதல் காட்சிக்குப் போய்விடலாம்.

வீட்டுக்கு வருவது வேறு ஒன்று. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2024 மார்ச் 7ஆம் தேதி தொடங்கிய சி-ஸ்பேஸ் ஓடிடி. மாதச் சந்தா கிடையாது, பார்க்கிற படத்துக்கு மட்டும் காசு. தொடங்கியபோது முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய் வைத்தார்கள். விழாக்களில் வந்துபோன மலையாளப் படங்கள் அதில் உண்டு.

‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ன்னு வருது. விபிஎன் போட்டுக்கலாமாண்ணா?

நாம் இருக்கிற நாட்டை மறைத்து வேறு நாடாகக் காட்டும் செயலிதான் விபிஎன். போடலாமா என்று கேட்டால், வேண்டாம் தம்பி. விழாத் தளத்தின் விதிமுறையில் கூடாது என்று எழுதியிருப்பார்கள், பல தளங்கள் விபிஎன்னைக் கண்டுபிடித்துத் தடுத்தும் விடும். காசு கட்டிய பிறகு தடுத்தால் திரும்பக் கேட்க வாய் இருக்காது. அதோடு, இந்தியாவுக்கு விற்கப்படாத படத்தை இந்தியாவில் பார்த்தால் பாதிக்கப்படுவது பெரிய ஸ்டூடியோ இல்லை. வீட்டை அடமானம் வைத்துப் படம் எடுத்த ஆளாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

எங்க வீட்டுல போன் ஒரு ரூம்ல கேரளா டவர், இன்னொரு ரூம்ல தமிழ்நாடு டவர். இதனால பிரச்சினை வருமா?

வராது. விழாக்களின் பூட்டு நாட்டைப் பார்த்துத்தான், மாநிலத்தைப் பார்த்து இல்லை. மொபைல் இணையத்தில் உங்கள் போனின் இணைய முகவரி சென்னை என்றோ கொச்சி என்றோ எந்த ஊராகவும் காட்டலாம், எல்லாம் இந்தியாதான். டவர் தாவும்போது படம் நின்று நின்று ஓடும், பிரச்சினை அவ்வளவே. போனை நகர்த்தாமல் ஒரே இடத்தில் வையுங்கள். வைஃபை இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

ஜிபே வேலை செய்யலைங்க. பணம் எப்படிக் கட்டறது?

வெளிநாட்டு விழாத் தளங்களில் யுபிஐ பெரும்பாலும் இருக்காது. விசா அல்லது மாஸ்டர்கார்டு வேண்டும். உள்நாட்டு ரூபே கார்டும் பெரும்பாலும் எடுபடாது. கார்டு இருந்தும் ‘டிக்ளைன்’ என்று வந்தால் பயப்படாதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதிய கார்டுகளில் இணையப் பரிவர்த்தனையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் மூடியே வரும், நாம்தான் திறக்க வேண்டும். வங்கியின் ஆப்பில் கார்டு அமைப்புக்குள் போனால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். திறந்து, வரம்பைச் சீட்டு விலைக்குக் கொஞ்சம் மேலே வைத்து, கட்டி முடித்ததும் மூடிவிடுங்கள். மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலேயே காசை எடுத்துவிடும்.

பத்து டாலர் சீட்டு என்றால் பத்து டாலரோடு முடியாது. வங்கி மாற்றுக் கட்டணமாக 2 முதல் 3.5 சதவீதம் வரை சேர்க்கும், அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டியும் உண்டு. நாலைந்து படம் பார்ப்பதாக இருந்தால் விழா பாஸ் மலிவா என்று கூட்டிப் பாருங்கள். நாலுக்குக் குறைவு என்றால் தனிச் சீட்டே போதும். ஆசைப்பட்டு பாஸ் எடுத்து இரண்டு படத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும்னு போட்டிருந்தது. திங்கக்கிழமை காலைல பார்த்தா சிலதுல இருக்குது, சிலதுல இல்ல. ஏன்?

எந்த ஊர் ராத்திரி என்பதுதான் விஷயம். நியூயார்க் விழா ஞாயிறு நள்ளிரவு முடிகிறது என்றால் கோடைக் காலத்தில் நமக்குத் திங்கள் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் பக்கத்து விழா என்றால் கோடையில் திங்கள் விடியற்காலை மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. அமெரிக்க விழாவில் நமக்குக் கூடுதலாக ஒரு காலைப்பொழுது கிடைக்கிறது. சீட்டு எடுத்ததும் நம் நேரத்தைக் கணக்கிட்டுப் போனில் அலாரம் வைத்துவிடுங்கள். படத்தின் இணைப்பு வருகிற மெயில் ஸ்பாமில் போய் ஒளிந்திருக்கும், அங்கேயும் தேடுங்கள்.

ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தான் இருக்கு. படம் முழுசா ஓடுமா?

கணக்குப் போடுவோம். நல்ல தெளிவில் படம் நொடிக்கு 5 மெகாபிட் எடுத்தால் மணிக்கு 2.25 ஜிபி, இரண்டு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி. 720 தரத்துக்கு இறக்கினால் மணிக்குச் சுமார் 1.1 முதல் 1.4 ஜிபி. ஆக 1.5 ஜிபியில் படம் இடைவேளை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும், அதுவும் கதை சூடு பிடிக்கிற இடமாகப் பார்த்து. விழாத் தளங்கள் பலவற்றில் டவுன்லோடு வசதியும் இல்லை.

பிள்ளைகள் கண்டுபிடித்த தந்திரம் ஒன்று இருக்கிறது. தினசரி டேட்டா நள்ளிரவு 12 மணிக்குப் புதுப்பிக்கும் திட்டமாக இருந்தால், ராத்திரி 11 மணிக்குப் படத்தைத் தொடங்குங்கள். முதல் மணி நேரம் இன்றைய கணக்கு, மீதி நாளைய கணக்கு. பகலில் டேட்டாவைத் தொடாமல் வைத்திருந்தால் 720 தரத்தில் இரண்டு மணி நேரப் படம் ஓடிவிடும். மறுநாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேரள அரசின் இணைய இணைப்பான கே-ஃபோன் உங்கள் தெருவரை வந்திருந்தால் விசாரியுங்கள். 2023 ஜூன் 5ஆம் தேதி தொடக்கிவைத்தார்கள். அப்போது அறிவித்த அடிப்படைத் திட்டம் மாதம் 299 ரூபாய், வேகம் 20 எம்பிபிஎஸ். ஒரு படத்துக்கு அது தேவைக்கு மேலேயே.

லேப்டாப்புல ஓடுது, டிவில போட்டா சத்தம் மட்டும் வருது, படம் கருப்பு. ஏன்?

படத்தைத் திருட்டுப் பதிவிலிருந்து காக்க ஒரு பூட்டு உண்டு. லேப்டாப், கேபிள், டிவி மூன்றும் அந்தப் பூட்டைப் புரிந்துகொண்டால்தான் திரை தெரியும். பழைய விஜிஏ கேபிளுக்குப் புரியாது. சந்தையில் வாங்கிய மலிவு மாற்றிகள் பலவற்றுக்கும் புரியாது. நேரடி எச்டிஎம்ஐ கேபிள் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகும். போனிலிருந்து டிவிக்கு அனுப்பும் காஸ்ட் வசதியைச் சில விழாக்கள் அடைத்தே வைத்திருக்கும். இதையெல்லாம் படம் தொடங்கும் நேரத்தில் சோதிக்காதீர்கள். தளத்தில் சோதனைக் காட்சித் துண்டு ஒன்று இருக்கும், முந்தின நாளே அதைப் போட்டுப் பாருங்கள்.

எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் படிக்க வராது. மலையாளம் கேட்டா புரியும், எழுத்து தெரியாது. அவரையும் கூட உக்கார வைக்கணும்னா?

நம் பக்கத்துக்கே உரிய கேள்வி இது. தமிழ் மீடியத்தில் படித்து, மலையாளத்தைக் காதால் மட்டும் கற்ற ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. விழாத் தளங்களில் தமிழ் சப்டைட்டில் கிடைப்பது அபூர்வம். அதனால் காதை நம்பித் தேர்ந்தெடுங்கள். மலையாளம், தமிழ், கொஞ்சம் தெலுங்கு என்று அப்பாவுக்குப் புரிகிற பேச்சில் வருகிற படங்களைத் தனியாகக் குறித்துவையுங்கள். ‘கூழாங்கல்’ படத்தை எழுத்தே தெரியாமல் பார்க்கலாம், பேச்சும் குறைவு. அடுத்தது ஆவணப்படம். ஆடு மேய்ப்பவரையோ மீன் பிடிப்பவரையோ பார்க்க, அதே வேலை செய்தவருக்கு எழுத்து எதற்கு? எந்த நாட்டு ஆடாக இருந்தாலும் அதற்கு என்ன நோவு என்று நம் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது வழி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது. வரிக்கு வரி வேண்டாம், காட்சிக்கு ஒரு வாக்கியம் போதும். வீட்டில் பார்ப்பதில் திரையரங்கில் இல்லாத வசதி இதுதான்: நிறுத்தலாம், சொல்லலாம், திரும்ப ஓட்டலாம். ஆனால் 24 மணி நேரக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறந்து ஊர்க்கதைக்குப் போய்விடாதீர்கள்.

குழந்தைகளோட பார்க்கலாமா?

விழாப் படங்கள் பலவற்றுக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருக்காது. படக் குறிப்பின் அடியில் எச்சரிக்கை எழுதியிருப்பார்கள், படித்துவிட்டுப் போடுங்கள். ஹாலில் எல்லோரும் கூடியிருக்கும்போது ஐரோப்பியப் படத்தை முன்பின் தெரியாமல் போடுவது தைரியசாலிகளின் வேலை.

வாயனசாலையில புரொஜெக்டர் இருக்குது. ஒரு சீட்டு எடுத்து எல்லாருக்கும் போட்டுக் காட்டலாமா சார்?

வீட்டுச் சீட்டு வீட்டுக்குத்தான். பத்துப் பேருக்கு மேல் கூடினாலா, இருபதா என்று எண்ணிக்கை கேட்காதீர்கள். வாயனசாலை என்ற ஊர் நூலகமோ வேறு பொது இடமோ, அங்கே போட்டால் அது பொதுத் திரையிடல், அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஆனால் இந்த ஆசையை விட்டுவிடாதீர்கள், நல்ல வழி இருக்கிறது.

இயக்குநருக்கு நேரே எழுதுங்கள். சுயாதீனப் பட இயக்குநர்களின் மெயில் முகவரி விழாவின் படக் குறிப்பிலேயே பெரும்பாலும் இருக்கும். ஊர், வாயனசாலை, எத்தனை நாற்காலி, டிக்கெட் இல்லை, எந்தத் தேதி என்று ஐந்தாறு வரி போதும். சிலர் சிறு தொகை கேட்பார்கள். சிலர் சும்மாவே கொடுத்து, காட்சி முடிந்ததும் வீடியோ அழைப்பில் வந்து பேசவும் செய்வார்கள். விழாவில் படம் ஓடிக்கொண்டிருக்கும் வாரத்தில் கேட்காமல், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல்.

கேரளத்தில் இந்த வேலைக்கு நீண்ட வழித்தடம் உண்டு. அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் 1965இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். எண்பதுகளில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடேசா என்ற கூட்டமைப்பை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டினார்கள். துண்டேந்திக் காசு சேர்த்து, அந்தக் காசில் 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார்கள். அதே ஜான்தான் 1977இல் தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’ எடுத்தவர். தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற நம் வாயனசாலைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். முதல் திரையிடலுக்கு எந்தப் படம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ‘அக்ரகாரத்தில் கழுதை’தான்.

டெலிகிராம்ல வந்துருச்சே. பார்த்தா என்ன?

சட்டம் வேண்டுமென்றால்: 2023இல் சினிமாட்டோகிராஃப் சட்டத்தைத் திருத்திய பிறகு படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதற்கும் பொதுவில் காட்டுவதற்கும் மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, குறைந்தது மூன்று லட்சம் அபராதம். குரூப்பில் ஃபார்வர்டு செய்கிற பழக்கம் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. பெரிய நடிகர் படம் கசிந்தால் வசூலில் ஒரு பங்கு போகும். விழாப் படம் கசிந்தால் விற்பனையே நின்றுபோகலாம். ‘இன்னும் வெளிவராத படம்’ என்பது ஒன்றுதான் அதன் கையில் இருக்கிற மூலதனம்.

பட்டியல்ல நூறு படம் இருக்குது. எதைப் பார்க்கறது?

விருதை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது, விருது கடைசி நாளில்தான் தெரியும். நான் பார்ப்பது மூன்று விஷயம். படத்தின் நீளம் ஒன்று: வார நாளில் 80 நிமிடப் படம், ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி நேரம். இரண்டாவது, இது முதல் படமா என்பது. முதல் படம் எடுப்பவர்களிடம் சேர்த்துவைத்த கோபமும் காதலும் மொத்தமாக இருக்கும், கொஞ்சம் கோணலாக இருந்தாலும் மன்னித்துவிடலாம். மூன்றாவது, படம் எந்த ஊரில் நடக்கிறது. எல்லையோர ஊர்களின் படங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் நான் விடுவதில்லை. செக்போஸ்ட், இரண்டு மொழிப் பலகை, அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் என்று அங்கேயும் இதே கதைதான்.

ஒரு நாளைக்கு ஒரு படம் போதும். திரையரங்கில் நாலு படம் பார்க்கிற ஆளால் வீட்டில் அப்படி முடியாது. குக்கர் விசில் அடிக்கும், பால்காரர் வருவார்.

விழா முடிஞ்சு போச்சு, பார்க்க முடியலை. அப்புறம் எங்க தேடறது?

பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேடுங்கள். 2019இல் இந்தியாவுக்கென்று தனி வரிசை தொடங்கிய முபி ஓடிடி, மேலே சொன்ன சி-ஸ்பேஸ், பெரிய ஓடிடிகள் என்று எங்காவது தலைகாட்டும். பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்’ 2024 மே மாதம் கானில் கிராண்ட் பிரி விருது வாங்கி, 2025 ஜனவரியில் ஹாட்ஸ்டாருக்கு வந்துவிட்டது. அவ்வளவு வேகம் எல்லாப் படத்துக்கும் வாய்க்காது. ஆவணப்படம் என்றால் மதுரையில் மறுபக்கம் அமைப்பு 1998 முதல் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழாவின் அறிவிப்புகளையும் கவனியுங்கள்.

சித்தூர் காலேஜ்ல படிக்கிறேன். ஒரு குறும்படம் எடுத்திருக்கேன் அண்ணா. நானும் விழாவுக்கு அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பம்மா. ஒன்று மட்டும்: யூடியூபில் எல்லோரும் பார்க்கும்படி இன்னும் போடவில்லை என்றால், போடாதே. ஏற்கெனவே இணையத்தில் வெளியான படத்தைப் பல விழாக்கள் எடுப்பதில்லை. விமியோ என்ற வீடியோ தளத்தில் ஏற்றி, கடவுச்சொல் போட்ட இணைப்பை அனுப்பினால் போதும். பில்ம்ஃப்ரீவே தளத்தில் ஒரே பக்கம் தயாரித்துப் பல விழாக்களுக்கு அனுப்பலாம். ஆனால் நுழைவுக் கட்டணத்தைப் பார்த்துச் செய். பெயர் தெரியாத விழாக்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் ஒரு சான்றிதழ் அனுப்புவதும் உண்டு. அந்த விழா போன வருடம் எந்த ஊரில், எந்தத் திரையில், எந்தப் படங்களைப் போட்டது என்று தேடு. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் காசைக் கட்டாதே. கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழா 2008 முதல் நடக்கிறது, முதலில் அதற்கு அனுப்பு. ஆங்கில சப்டைட்டிலை நீயே எழுதிவிட்டு, தமிழ் தெரியாத ஒருவரிடம் படத்தைப் போட்டுக் காட்டி, எங்கே புரியவில்லை என்று கேட்டுத் திருத்திக்கொள்.